சாம்பல் காட்டுக்கோழியும் இலங்கைக் காட்டுக்கோழியும்: ஒப்பிட்டு அறிவதற்கான முழுமையான வழிகாட்டி

உலகில் காட்டுக்கோழி இனங்கள் நான்கே உள்ளன. இமயமலை அடிவாரம் தொடங்கித் தென்கிழக்காசியா வரை பரவியிருப்பது சிவப்புக் காட்டுக்கோழி. ஜாவா, பாலி முதலிய இந்தோனேசியத் தீவுகளில் வாழ்வது பச்சைக் காட்டுக்கோழி. எஞ்சிய இரண்டும் தமிழ் பேசும் நிலங்களோடு நேரடித் தொடர்புடையவை. அவற்றுள் ஒன்றான சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்தில் மட்டும் வாழ்கிறது. மற்றொன்றான இலங்கைக் காட்டுக்கோழி இலங்கைத் தீவில் மட்டும் வாழ்வதோடு, அந்நாட்டின் தேசியப் பறவையாகவும் விளங்குகிறது. அறிவியலில் முன்னதற்குக் காலஸ் சொன்னெராட்டி என்றும் பின்னதற்குக் காலஸ் லஃபாயெட்டி என்றும் பெயர்.

இவ்விரண்டு பறவைகளின் சேவல்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஒன்று சாம்பலாகவும் மற்றொன்று செம்பொன்னாகவும் இருப்பதைக் கண்டு, இவை தொலைதூர உறவினங்கள் என்றே முடிவு செய்வார். இலங்கைச் சேவலைப் பார்த்தவுடன் அதைச் சிவப்புக் காட்டுக்கோழியோடு சேர்த்து எண்ணத் தோன்றுவதும் இயல்பே. மரபணு ஆய்வுகளோ இலங்கைக் காட்டுக்கோழிக்கு மிக நெருங்கிய உறவு சாம்பல் காட்டுக்கோழிதான் என்று காட்டுகின்றன. சேவலின் நிறத்தை மட்டும் கொண்டு செய்யும் ஒப்பீடு நம்மைத் தவறான திசையில் செலுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனவே இந்த வழிகாட்டி நிறத்தில் நின்றுவிடாமல், இறகின் அமைப்பு, கொண்டை, பருவம், பெட்டையின் உடற்குறிகள், கூவல், வாழிடம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. இந்த வரிசையிலேயே பழகினால் ஐயம் குறையும் என்பது என் கருத்து.

முதற்படி: இடத்தை உறுதிசெய்தல்

காட்டில் ஒரு பறவையை நேரில் பார்க்கும்போது, இவ்விரண்டில் எது என்ற கேள்விக்கு இடமே விடை சொல்லிவிடும். இவை இரண்டும் இயற்கையாகச் சேர்ந்து வாழும் இடம் எங்கும் இல்லை. சாம்பல் காட்டுக்கோழி தெற்கு ராஜஸ்தானின் அபு மலை, குஜராத், மத்தியப் பிரதேசத்தின் பகுதிகள் ஆகியவற்றிலிருந்து தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் முனை வரை வாழ்கிறது. தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, மேகமலை, களக்காடு முண்டந்துறை ஆகிய காடுகளில் இதைக் காணலாம். சேர்வராயன் போன்ற கிழக்குப் பக்கத்து மலைகளிலும் இது உண்டு. இலங்கைக் காட்டுக்கோழியோ கடற்கரையை ஒட்டிய யால, வில்பத்து ஆகிய வறண்ட காடுகள் முதல், சிங்கராஜா, கித்துல்கல ஆகிய மழைக்காடுகள் வழியாக, ஹோட்டன் சமவெளியின் உயரங்கள் வரை தீவில் பரந்து வாழ்கிறது.

அப்படியானால் இவ்வளவு நுணுக்கமான ஒப்பீடு எதற்கு என்று கேட்கலாம். இடக்குறிப்பு இல்லாத ஒளிப்படங்கள், விலங்குக் காட்சிச்சாலைகளில் வளர்க்கப்படும் பறவைகள், பறிமுதல் செய்யப்படும் இறகுகள், ஊர்க்கோழியோடு கலந்து பிறந்த பறவைகள் ஆகியவற்றை அடையாளம் காண வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. மேலும், களத்தில் உண்மையான குழப்பம் இவ்விரண்டுக்கும் இடையே எழுவதைவிட, இவை ஒவ்வொன்றுக்கும் மூன்றாவது ஒரு பறவைக்கும் இடையேதான் எழுகிறது. மத்திய இந்தியாவில், குறிப்பாகச் சாத்புரா மலைத்தொடரின் பச்மரி வட்டாரத்தில், சாம்பல் காட்டுக்கோழியின் எல்லையும் சிவப்புக் காட்டுக்கோழியின் எல்லையும் சந்திக்கின்றன. இலங்கையில் சிவப்புக் காட்டுக்கோழி இல்லை; ஆயினும் அதன் வழிவந்த ஊர்க்கோழிகள் காட்டோரக் கிராமங்களெங்கும் மேய்கின்றன. இரண்டு இனங்களின் அடையாளங்களையும் ஒருசேர அறிந்தவரால்தான் இந்தக் குழப்பங்களைத் தீர்க்க முடியும்.

இரண்டாம் படி: சேவலின் பிடரி இறகை ஆராய்தல்

சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் மிக உறுதியான அடையாளம் அதன் சாம்பல் நிறமன்று. பிடரியில் அடர்ந்து தொங்கும் நீண்ட இறகுகளின் நுனியே அது. இவ்விறகுகள் கருமை கலந்த சாம்பல் நிறம் கொண்டவை. இறகின் நடுத்தண்டு நுனியை நோக்கிச் செல்லும்போது இடையிடையே தட்டையாக விரிந்து, வெண்மையும் மஞ்சளுமான கெட்டியான புள்ளிகளாக மாறுகிறது. உருகிய மெழுகுத் துளி இறகில் விழுந்து உறைந்ததைப் போன்ற இந்தத் தகடு, நிறமிப் புள்ளி மட்டுமன்று. இறகுத் தண்டின் அமைப்பே அங்கு மாறியிருக்கிறது. தோள்புறத்துச் சிறகு மூடிறகுகளிலும் இதே வகையான பளபளப்பு ஆரஞ்சு கலந்த செம்பழுப்பில் காணப்படும். நல்ல வெளிச்சத்தில் பறவை தலையைத் திருப்பும்போது கழுத்து முழுவதும் புள்ளிகள் மின்னுவதைக் காணலாம். குறுந்தொகையில் முல்லைநிலத்துக் கானங்கோழிச் சேவலைப் பாடும் புலவர் அதன் கழுத்தை ‘ஒண்பொறி எருத்து’ என்று குறிப்பதைப் படிக்கும்போது, ஒளிரும் புள்ளிகள் கொண்ட கழுத்தையுடைய சாம்பல் காட்டுக்கோழியே அவர் கண்ட பறவை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இந்த இறகே இப்பறவைக்குப் பெருந்தீங்காகவும் அமைந்தது. தூண்டிலில் மீன்களை ஈர்க்கும் செயற்கைப் பூச்சிகளைக் கட்டுவதற்கு, குறிப்பாகச் சால்மன் மீன் பிடிப்பதற்கு, ஐரோப்பியர்கள் இப்பிடரி இறகைப் பெரிதும் விரும்பியதால், ஏராளமான சேவல்கள் கழுத்துத் தோலுக்காகவே கொல்லப்பட்டன. இன்று பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இந்த இனம் இடம்பெற்றிருக்கிறது.

இலங்கைச் சேவலின் பிடரியில் மெழுகுப் புள்ளி ஒன்றுகூட இருக்காது. அங்குள்ள இறகுகள் ஈட்டி வடிவில் நீண்டு ஒடுங்கியவை. அவற்றின் பொன்மஞ்சள் நிறம் தலையின் பின்புறத்திலிருந்து வழிந்து, முதுகில் ஆரஞ்சாகவும் செம்மையாகவும் மாறிச் செல்கிறது. இறகின் நடுவே கருங்கோடு ஓடுவதால் அருகிலிருந்து பார்க்கையில் கழுத்து முழுவதும் கோடுகளாகத் தெரியும். புள்ளியா கோடா என்ற ஒற்றைக் கேள்வியே, தனியாகக் கிடைத்த ஒரு பிடரி இறகை இரண்டில் எந்தப் பறவைக்கு உரியது என்று பிரித்துவிடப் பெரும்பாலும் போதுமானது.

மூன்றாம் படி: கொண்டையைப் பார்த்தல்

பிடரிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது கொண்டை. இலங்கைச் சேவலின் கொண்டை சிவந்த விளிம்பும் மஞ்சள் நடுப்பகுதியும் கொண்டது. காட்டுக்கோழிகளில் வேறெந்த இனத்திலும் இவ்வாறான கொண்டை இல்லை. ஊர்ச்சேவல்களிலும் இதைக் காண முடியாது. எனவே இலங்கையில் ஒரு செந்நிறச் சேவல் காட்டுப் பறவையா அல்லது அருகிலுள்ள ஊரின் சேவலா என்ற ஐயம் எழும்போது, முதலில் கொண்டையின் நடுவைப் பாருங்கள். இளஞ்சேவலில் இந்த மஞ்சள் தெளிவாக இருப்பதில்லை என்பதால், மஞ்சள் இல்லை என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் ஒரு பறவையைத் தள்ளிவிடக் கூடாது. மஞ்சள் தெளிவாக இருந்தால் மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

சாம்பல் சேவலின் கொண்டை முழுவதும் சிவப்பு. அதன் கொண்டையும் கழுத்தடித் தாடியும் சிவப்புக் காட்டுக்கோழியில் இருக்கும் அளவுக்குப் பெரிதாக வளர்வதில்லை. கொண்டை விளிம்பின் வெட்டுகளும் ஆழமற்றவை. முகத்தின் சிவந்த வெறுந்தோல் இரண்டு இனங்களிலும் இருப்பதால் அதனால் பயனில்லை. கால் நிறத்தையும் நான் நம்புவதில்லை. வயதாலும் பருவத்தாலும் படியும் மண்ணாலும் அது மாறித் தோன்றக்கூடியது.

நான்காம் படி: மார்பு, முதுகு, வால்

சாம்பல் சேவலின் மார்பும் முதுகும் ஒரே சாம்பல் பரப்பாகத் தொலைவில் தோன்றினாலும், ஒவ்வோர் இறகின் நடுத்தண்டும் வெளிறியும் ஓரம் மெல்லிய கோடிட்டும் இருப்பதால், அருகில் பார்க்கும்போது நுண்ணிய வேலைப்பாடு தெரியும். வால் கருமையானது, அரிவாளாக வளைந்த நடு இறகுகளில் ஊதாவும் பச்சையும் கலந்த மினுக்கம் உண்டு.

இலங்கைச் சேவலின் மார்பு ஆரஞ்சுச் சிவப்பு. இது சிறிய செய்தியாகத் தோன்றினாலும் மிகவும் பயன்படக்கூடியது. சிவப்புக் காட்டுக்கோழிச் சேவலின் மார்பும் வயிறும் கறுப்பு. அந்த நிறக்கோலத்தைக் கொண்ட ஊர்ச்சேவல்களின் மார்பும் கறுப்பே. இலங்கைச் சேவலில் பிடரியின் கோடிட்ட நிறம் முன்கழுத்தைச் சுற்றி மார்பிலும் இறங்கி, வயிற்றுக்கு அருகில்தான் கருமையாகிறது. சிறகும் வாலும் கருமை கலந்த ஊதா நிறத்தில் மினுங்கும். ஆகவே ஒளிப்படத்தில் கொண்டை மறைந்திருந்தாலும், மார்பு தெரிந்தால் முடிவுக்கு வந்துவிடலாம்.

உடலளவு பெரிய உதவி செய்யாது. வாலோடு சேர்த்துச் சாம்பல் சேவல் 70 முதல் 80 சென்டிமீட்டர் வரையும், இலங்கைச் சேவல் 66 முதல் 72 சென்டிமீட்டர் வரையும் இருக்கும். இரண்டிலும் பெட்டை இதில் ஏறத்தாழப் பாதி நீளமே. நீளத்தில் காணும் வேறுபாடு பெரும்பாலும் வாலினால் வருவது. வால் இறகு உதிர்ந்த பறவையில் அதுவும் இருக்காது.

வால் பிடிக்கும் முறையை மட்டும் கவனத்தில் வையுங்கள். காட்டுக்கோழிகள் நடந்து மேயும்போது வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும். ஊர்ச்சேவல் அதை நிமிர்த்தி நடக்கும். காட்டோரத்தில் மங்கலான வெளிச்சத்தில் நிற்கும் ஒரு பறவையை மதிப்பிடும்போது இந்த நடையே முதல் துப்பாக அமைவதுண்டு.

ஐந்தாம் படி: பருவத்தைக் கணக்கில் கொள்ளுதல்

இரண்டு இனங்களுக்கும் இடையிலான ஆழமான வேறுபாடுகளில் ஒன்று பலராலும் கவனிக்கப்படாமல் போகிறது. சாம்பல் சேவல் இனப்பெருக்கப் பருவத்தின் முடிவில், கோடையையொட்டி, தன் மெழுகுப்புள்ளிப் பிடரி இறகுகளை உதிர்த்துவிடுகிறது. அவற்றின் இடத்தில் குறுகிய, மங்கிய, கருநிற இறகுகள் தற்காலிகமாக முளைக்கின்றன. இந்த மங்கல் கோலத்தில் சேவல் அடக்கமாகவும் ஒளிந்தும் வாழ்வதால், அக்காலத்தில் அதைக் காண்பதும் கேட்பதும் அரிதாகிறது. பின்னர் மீண்டும் இறகுதிர்த்து முழுக் கோலத்துக்குத் திரும்புகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஓரங்களில், கழுத்தில் புள்ளியே இல்லாத கரிய பிடரியுடைய சேவலைக் காண்பவர், அதைக் கலப்பினம் என்று எண்ணிவிடும் வாய்ப்பு மிகுதி. மாதத்தைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

இலங்கைச் சேவலுக்கு இந்த மங்கல் கோலம் கிடையாது. பச்சைக் காட்டுக்கோழியைப் போலவே, அது ஆண்டு முழுவதும் தன் பொன்னிறப் பிடரியோடு காணப்படுகிறது. நெருங்கிய உறவான சாம்பல் இனத்துக்கும், தோற்றத்தில் ஒத்த சிவப்பு இனத்துக்கும் மங்கல் கோலம் இருக்க, இலங்கை இனத்துக்கு மட்டும் அது இல்லாதிருப்பது சிந்திக்கத்தக்கது. தீவில் இனப்பெருக்கம் ஓர் இறுக்கமான பருவத்துக்குள் அடங்காமல் ஆண்டின் பல மாதங்களிலும் நடப்பதோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்பது என் ஊகம்.

இளஞ்சேவல்கள் இரண்டு இனங்களிலும் முதலில் பெட்டையின் நிறத்தோடுதான் வளர்கின்றன. ஆகவே ‘பெட்டை’ என்று குறித்துக்கொள்ளும் முன், முகத் தோல் சிவந்திருக்கிறதா, கொண்டை எழும்பத் தொடங்கியிருக்கிறதா, கழுத்தில் ஓரிரு வயதுவந்த இறகுகள் முளைத்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: பெட்டைகளை ஒப்பிடுதல்

இந்த வழிகாட்டியில் வாசகர் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. பெட்டைக் காட்டுக்கோழிகளைப் பற்றிய குறிப்புகள் ‘பழுப்பு நிறம், மங்கலானது’ என்ற அளவில் முடிந்துவிடுவது வழக்கம். அவ்வாறு முடிப்பது பறவைக்கும் நியாயமன்று, கற்பவருக்கும் நன்மையன்று. உறவு முறையைச் சேவல்கள் மறைக்கின்றன, பெட்டைகள் காட்டுகின்றன.

முதலில் சிவப்புக் காட்டுக்கோழிப் பெட்டையை ஓர் அளவுகோலாக நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் மார்பு பெரிதாகக் குறிகள் ஏதுமற்ற செம்பழுப்பாக இருக்கும். இனி சாம்பல் பெட்டையைப் பாருங்கள். மேலுடல் பழுப்பாக, நுண்ணிய கோடுகளோடு இருக்கும். கீழுடலோ முற்றிலும் வேறுபட்டது. மார்பிலிருந்து வயிறு வரை ஒவ்வோர் இறகும் வெண்ணிற நடுவும் கருமையான ஓரமும் கொண்டிருப்பதால், வெண்மையும் கருமையும் கலந்த செதில் வரிசை தெளிவாகத் தெரிகிறது. புதரிலிருந்து வெளிவந்து நம்மை நோக்கி நிற்கும் பெட்டையில் இந்த வெண்மை தொலைவிலிருந்தே கண்ணில் படும். கால்கள் மஞ்சள்; சேவலுக்குள்ள முள் பெட்டைக்கு வழக்கமாக இருப்பதில்லை.

இலங்கைப் பெட்டையின் மார்பிலும் வயிற்றிலும் இதே வெண்மையும் கருமையும் உள்ளன. மேல்மார்பு பழுப்புக் கலந்தும், கீழ்மார்பும் வயிறும் வெள்ளையில் கருங்குறிகளோடும் இருக்கும். சிவப்புப் பெட்டையில் இல்லாத இக்குறிகள் சாம்பல் பெட்டையோடு பொருந்துவதைக் கண்ணாரக் காணும்போது, சேவல்களின் நிறம் எவ்வளவு தூரம் நம்மைத் திசைதிருப்பியது என்பது புரியும்.

இவ்விரண்டு பெட்டைகளையும் பிரிப்பது சிறகு. இலங்கைப் பெட்டையின் மடிந்த சிறகில் கருமையும் வெளிர்பழுப்பும் மாறி மாறி வரும் குறுக்குப் பட்டைகள் அழுத்தமாக இருக்கும். பக்கவாட்டில் நிற்கும் பறவையில் இவற்றைத் தவறவிட முடியாது. சாம்பல் பெட்டையின் சிறகில் இவ்வளவு தெளிவான பட்டைகள் இல்லை. பழுப்பு நிறத்தில் பொடிக் கோடுகளே நிறைந்திருக்கும். எனவே பெட்டையைக் கண்டால் முதலில் மார்பைப் பார்த்து ஊர்க்கோழியும் சிவப்பு இனமும் அல்ல என்று உறுதிசெய்து, அடுத்துச் சிறகைப் பார்த்து இரண்டில் எது என்று முடிவு செய்யுங்கள். இந்த வரிசை மாறினால், கோடிட்ட இறகுடைய ஊர்ப்பெட்டைகள் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும்.

ஏழாம் படி: கூவலைக் கேட்டறிதல்

அடர்ந்த காட்டில் காட்டுக்கோழியைக் காண்பதற்கு முன்பே கேட்டுவிடுவோம். விடியலிலும் அந்தி வேளையிலும் கூவல் மிகுதியாக எழும். சாம்பல் சேவலின் கூவல் ‘கு-கயாக்-க்யுக்-க்யுக்’ என்று நான்கு துண்டுகளாக ஒலித்து, நீளாமல் சட்டென்று முடிந்துவிடும். ஊர்ச்சேவலின் கூவல் கடைசியில் இழுபடுவதைப் பழகிய காதுக்கு, இந்த வெட்டுப்பட்ட முடிவு உடனே வேற்றுமையாகத் தெரியும். கூவலைத் தொடர்ந்து மிகத் தாழ்ந்த குரலில் ஓர் ஒலி எழும். அது அருகில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும். சிவப்புச் சேவல் கூவுவதற்கு முன் சிறகடிப்பதுபோல் சாம்பல் சேவல் சிறகடிப்பதில்லை என்பதும் எல்லைப் பகுதிகளில் உதவும் குறிப்பு.

இலங்கைச் சேவலின் கூவல் இன்னும் சுருக்கமானது. ‘சியொக், சோ-சொயிக்’ என்று மூன்று துண்டுகளாக, சற்று உயர்ந்த இனிய குரலில் ஒலிக்கும். எழுத்தில் தரும் எந்த ஒலிக்குறிப்பும் முழுமையானதாக இருக்க முடியாது. ஆகவே ஜீனோ-கான்டோ போன்ற பறவையொலித் தொகுப்புகளில் இரண்டு இனங்களின் பல பதிவுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டு, துண்டுகளை விரலால் எண்ணிப் பழகுங்கள். இந்தப் பயிற்சியை வீட்டில் செய்ய வேண்டும். காட்டில் பதிவை ஒலிக்கவிட்டுச் சேவலை வெளியே இழுக்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தன் எல்லைக்குள் போட்டிச் சேவல் நுழைந்துவிட்டதாக நம்பி அது மேய்ச்சலையும் பெட்டையையும் விட்டுவிட்டு ஓடிவருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் இத்தொல்லை சிறிதன்று.

எட்டாம் படி: வாழிடத்தையும் உணவையும் ஒப்பிடுதல்

இரண்டும் தரையில் சருகைக் கிளறி மேய்ந்து, மரத்தில் ஏறி அடையும் பறவைகள். தானியம், விதை, உதிர்ந்த கனி, பூச்சி, கறையான் என எதையும் உண்ணும். அடர்காட்டின் உட்புறத்தைவிட, காட்டோரமும் புதர்க்காடும் வண்டிப்பாதையின் ஓரமும் இவற்றுக்கு ஏற்றவை. சாம்பல் இனம் தேயிலை, காப்பித் தோட்டங்களை ஒட்டிய சோலைத் துண்டுகளிலும் நன்றாகப் பிழைத்துக்கொள்கிறது.

ஆழ்ந்து கவனிக்க வேண்டியது, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் விதைப்பெருக்கத்துக்கு இவை தரும் எதிர்வினையாகும். மூங்கில் பூத்து அரிசி உதிர்க்கும் ஆண்டில் சாம்பல் காட்டுக்கோழிகள் அப்பகுதியில் பெருமளவில் கூடுகின்றன. இலங்கையின் மலைநாட்டில் இதே இடத்தை வகிப்பது நெலுச் செடி. நீலகிரியிலும் மூணாறிலும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் பேரினமான ஸ்ட்ரோபிலாந்தஸைச் சேர்ந்தவையே நெலுச் செடிகளும். அவையும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவெங்கும் ஒன்றாகப் பூத்துக் காய்த்து மடிகின்றன. அந்த விதை உதிரும் காலத்தில் இலங்கைக் காட்டுக்கோழிகள் மலைக்காடுகளில் திரளுகின்றன. நடமாட்டத்தைப் பதிவுசெய்பவர்கள், ஓரிடத்தில் திடீரென எண்ணிக்கை கூடினால், இனம் பெருகிவிட்டது என்று எழுதுவதற்கு முன் அங்கு எந்தச் செடி விதைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: இனப்பெருக்கத்தைத் தொலைவிலிருந்து ஒப்பிடுதல்

சாம்பல் பெட்டை பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை, தரையில் சிறு பள்ளம் பறித்து, வெளிர் பாலாடை நிறத்தில் 4 முதல் 7 முட்டைகள் இடும். ஏறத்தாழ 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். இலங்கைப் பெட்டை 2 முதல் 4 முட்டைகளே இடும். அது தரையிலும் கூடு வைக்கும். வேறு பறவைகளும் அணில்களும் கைவிட்ட கூடுகளையும் சில வேளை பயன்படுத்திக்கொள்ளும். கூட்டைத் தேடிச் செல்வதை இந்த ஒப்பீட்டின் பகுதியாக யாரும் கருத வேண்டாம். மனிதத் தடத்தைத் தொடர்ந்து கீரியும் பிற விலங்குகளும் கூட்டை அடைந்துவிடக்கூடும். குஞ்சுகளோடு மேயும் பெட்டையைத் தொலைவிலிருந்து கண்டு, குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வதே போதுமானது.

பத்தாம் படி: உறவு வரலாற்றைப் புரிந்துகொள்ளுதல்

முன்னே கண்ட ஒற்றுமை வேற்றுமைகளுக்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. இவ்விரண்டின் பொது மூதாதையிலிருந்து இரு கிளைகளும் ஏறத்தாழ இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்திருக்கலாம் என்று மரபணு ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். பாக் நீரிணை ஆழமற்றது. பனியூழிகளில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தபோதெல்லாம் இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. யானையும் சிறுத்தையும் வந்த வழி அதுவே. அவ்வளவு முறை வழி திறந்திருந்தும் இவ்விரு கோழியினங்களும் ஒன்றில் ஒன்று கரையாமல் தனித்தனியாகவே நிலைத்திருக்கின்றன. கூவலிலும் சேவல் கோலத்திலும் காணும் பெரும் வேறுபாடு, பெட்டை தன் இனத்துச் சேவலைத் தெரிந்தெடுக்கத் துணைசெய்து இப்பிரிவைக் காத்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இடம்பெறும் பியர் சொன்னெரா, பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர். வீட்டுக்கோழியின் மூதாதை இப்பறவையே என்று அவர் எண்ணினார். பின்னர் சார்லஸ் டார்வின் சிவப்புக் காட்டுக்கோழியை மட்டுமே மூதாதையாகக் கொண்டார். அடிப்படையில் அதுவே சரி. ஆயினும், வீட்டுக்கோழிகளின் தோலையும் காலையும் மஞ்சளாக்கும் மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் நிறுவினர். நம் முற்றத்தில் மேயும் மஞ்சள்கால் கோழி ஒவ்வொன்றிலும் தென்னிந்தியக் காட்டின் ஒரு துளி மரபு கலந்திருக்கிறது என்பது என்னைப் பொறுத்தவரை இப்பறவையைக் காப்பதற்கான வலுவான காரணங்களுள் ஒன்று.

பதினோராம் படி: கலப்புப் பறவைகளை இனங்காணுதல்

மரபணு ஒரு திசையில் சென்றதுபோல் மறுதிசையிலும் வர முடியும். காட்டோர ஊர்களில் அவிழ்த்துவிடப்படும் கோழிகள் காட்டுக்கோழிகளோடு சேரும் வாய்ப்பு இரு நாடுகளிலும் உண்டு. கலப்பை ஐயுறுவதற்கான குறிகள் இவை: சாம்பல் சேவலின் பிடரியில் மெழுகுப்புள்ளிகள் குறைந்து, உடலில் பெரிய செந்நிறத் திட்டுகள் தோன்றுதல், இலங்கைச் சேவலின் மார்பு கறுத்து, கொண்டையின் மஞ்சள் இல்லாதிருத்தல், இரண்டிலும் நிமிர்ந்த வால், பருத்த உடல், இழுபட்ட கூவல். இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் பருவத்தையும் வயதையும் மறுபடி சரிபாருங்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ‘கலப்பாக இருக்கலாம்’ என்று குறித்துவையுங்கள். கண்ணால் கண்டதைக் கொண்டு இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது முறையாகாது.

பன்னிரண்டாம் படி: களத்தில் பார்ப்பதும் பதிவதும்

விடிந்த ஒரு மணி நேரமும் மாலையின் கடைசி ஒரு மணி நேரமும் சிறந்தவை. மழை ஓய்ந்த காலையில் ஈரப் புதரைவிட்டுப் பாதையோரத்துக்கு வந்து இறகுலர்த்தும் பறவைகளை நன்றாகக் காணலாம். எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண இருகண்ணோக்கி போதும். காப்பகங்களில் வாகனத்தைவிட்டு இறங்காதீர்கள். யாலவிலும் சிங்கராஜாவிலும் மனித நடமாட்டத்துக்குப் பழகிய காட்டுக்கோழிகள் மிக அருகில் வரும். அவற்றுக்குத் தீனி போடாதீர்கள். தீனிக்குப் பழகிய பறவை ஊர்க்கோழியோடு கலக்கவும், கோழிநோய்களைப் பெறவும் வழி திறக்கிறது.

குறிப்பேட்டில் இனப்பெயரை முதலில் எழுதாமல், கண்டதை முதலில் எழுதுங்கள். பிடரியில் புள்ளியா கோடா, கொண்டையின் நடுநிறம், மார்பின் நிறம், பெட்டையெனில் மார்புச் செதிலும் சிறகுப் பட்டையும், வாலின் நிலை, கூவலின் துண்டுகள், நாள், உயரம், அருகில் விதைத்திருக்கும் செடி ஆகியவற்றைக் குறித்த பின்பே பெயரை எழுதும் வழக்கம், விருப்பத்துக்கேற்பப் பறவையைப் பார்க்கும் குறையைத் தடுக்கும். இக்குறிப்புகளைப் பறவை காண்போர் தம் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் மங்கல் கோலத்தின் காலம், பெட்டைகளோடு காணும் குஞ்சுகளின் எண்ணிக்கை போன்றவை வட்டாரவாரியாகத் தெளிவடையும். பெட்டையின் படங்கள் அங்கு எப்போதும் குறைவாகவே கிடைப்பதால், சேவலை ஒருமுறை படமெடுத்துவிட்டால் அடுத்த படத்தைப் பெட்டைக்கு ஒதுக்குங்கள்.

இரண்டு இனங்களும் இப்போது உடனடி ஆபத்து இல்லாத இனங்களாகவே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இவற்றை வேட்டையாடுவதைத் தடைசெய்கின்றன. ஆயினும் இரவில் அடையும் மரத்தில் பிடிப்பதும், பாதையோரப் புதரில் கண்ணி வைப்பதும் முற்றாக நிற்கவில்லை. நடைபாதையை ஒட்டி, புதர் நெடுகக் குச்சிகளால் சிறு வேலி கட்டி, இடையிடையே திறப்பு விட்டிருப்பதைக் கண்டால், அத்திறப்புகளில் கண்ணிகள் இருக்கக்கூடும். அவற்றைக் கையால் தொடாமல், இடத்தைப் படமெடுத்து, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு அன்றே தெரிவியுங்கள்.